கண்டக்டர் மாமாவின் கோழி வைத்தியம்

எங்கள் பக்கத்தில் பலாப்பழ சீசனில் டவுன் பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்குக் கண்டக்டர் மாமாவைப் பற்றிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். வடகாட்டைத் தொட்டதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளோடு பழமும் ஏறும். மற்ற கண்டக்டர்கள் படிக்கட்டிலேயே மறித்து, பழத்துக்கெல்லாம் இடமில்லை, அடுத்த வண்டியில் வா என்று விசிலை ஊதிவிடுவார்கள். மாமா மறிக்க மாட்டார். ஏற்றுங்கள், அங்கே ஒரு ஓரமாக வையுங்கள் என்பார். எந்த ஓரம் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. ஆலங்குடி வருவதற்குள் பழங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும், ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். டிரைவர் கியர் போட வழியில்லாமல் திட்டுவார். மாமா டிரைவரைப் பார்த்தும் சிரிப்பார், பழக்காரரைப் பார்த்தும் சிரிப்பார், பலாமுள் குத்தி முறைக்கிறவரைப் பார்த்தும் அதே சிரிப்பைச் சிரிப்பார்.

சிலருக்கு நாக்கில் ழகரம் வராது அல்லவா, அப்படி அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. 'வேண்டாம்', 'முடியாது', 'தெரியாது' எல்லாம் அதோடு சேர்த்தி. கர்வமோ பயமோ இல்லை. எதிரில் இருப்பவரின் முகம் சுருங்குவதைப் பார்க்கிற தெம்பு அவருக்குக் கிடையாது, அவ்வளவுதான்.

கீரமங்கலத்தை ஒட்டிய எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தார். ரத்த சொந்தம் எதுவும் இல்லை. அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டாள், அதனால் எனக்கும் அக்காவுக்கும் மாமா. நல்ல உயரம். வருஷக்கணக்காகப் பஸ் கூரைக்குக் கீழே நின்று நின்று கழுத்து லேசாக முன்னால் வளைந்திருக்கும். வெட்டவெளியில் நடக்கும்போதும் எதிலோ தலை இடித்துவிடும் என்பது போலவே நடப்பார்.

முகூர்த்த நாட்களில் அவர் பாடு திண்டாட்டம். மூன்று வீட்டில் கூப்பிட்டிருந்தால் மூன்று வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் கூப்பிட்டவர்கள் மனம் கோணுமே. ஒரு தை மாதத்தில் மூன்றாவது பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசத்தைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "போதுமாண்ணே?" என்று வாளியோடு நின்ற பையன் கேட்டான். "ஊத்து தம்பி" என்றார்.

அவரோடு குடும்பம் நடத்திய அத்தைக்கு மட்டும்தான் அவர் பேச்சுக்கு அர்த்தம் தெரியும். வெளியாட்களுக்கு அவள்தான் விளக்கம் சொல்வாள். "அவுக பாக்கலாம்னு சொன்னா நடக்காதுன்னு அர்த்தம். ஆகட்டும்னு சொன்னா அப்பயே மறந்துட்டாகன்னு அர்த்தம். கண்டிப்பான்னு சொன்னா மட்டும் வேற ஆளைப் பாத்துக்கங்க." இதைச் சொல்லும்போது அத்தை சிரிக்கவும் செய்வாள், தலையில் அடித்துக்கொள்ளவும் செய்வாள்.

ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் டீக்கடையில் வந்து யாருடைய வீட்டையோ விசாரித்தார். மாமாவுக்கு அந்தப் பெயரே புதிது. ஆனாலும் வாங்க என்று எழுந்து கூட நடந்தார். பூக்கடைச் சந்து, பெரிய குளம், கிழக்குத் தெரு என்று வெயிலில் அவரை இழுத்துக்கொண்டு அலைந்து, கடைசியில் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்டு அனுப்பினார். வந்தவர் தேடி வந்த ஆள் பக்கத்து ஊராம். இதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு அம்மாவின் அண்ணன் ஆலங்குடிப் பக்கம் காலமாகிவிட்டார். அந்த அம்மாவிடம் போன் கிடையாது. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் யாரோ மாமாவிடம் சொல்லி அனுப்பினார்கள். இவர் மத்தியானம் வந்தார், அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று திரும்பிவிட்டார். மறுபடி போனார், பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். மறுபடி திரும்பிவிட்டார். சாயங்காலம் ஒருவழியாக, அண்ணனுக்குக் கொஞ்சம் முடியவில்லையாம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்து ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்க்கக்கூட விடவில்லையே என்று அந்த அம்மா தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதாள். மாமா அதற்குப் பிறகு பல நாள் அந்த வீட்டு வழியாக நடக்காமல் சுற்றிக்கொண்டு போனார். நல்ல மனம் என்று நாம் சொல்வது மற்றவர் தலையில் எப்படி விடியும் என்று யோசிக்க வைத்த சம்பவம் அது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் என் அப்பா அக்காவின் கல்யாணப் பேச்சுக்கு நடுவில் நிற்கச் சொன்னார். அப்பாவையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேறு ஆள் இல்லை. அப்பாவின் கோபம் எங்கள் சுற்று வட்டாரத்தில் பிரசித்தம். வரப்புத் தகராறில் சொந்த அண்ணன் தம்பியோடு பேச்சு இல்லை. போர்வெல் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேச்சு இல்லை. தேங்காய் எடுக்க வரும் வியாபாரிகளில் பாதிப் பேரோடு பேச்சு இல்லை. கை நீட்டுகிற ஆள் கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் எதிராளியின் முப்பாட்டன் வரைக்கும் இழுத்துத் தெருவில் போடாமல் மூட மாட்டார். ஊரில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே கூட்டாளி கண்டக்டர் மாமாதான். அப்பா எது சொன்னாலும் ஆமா மாப்ள என்று கேட்டுக்கொள்கிற ஒரே ஆள்.

அக்கா அப்போது கணக்குப் பட்டம் முடித்திருந்தாள். நான் ஆலங்குடியில் பதினோராம் வகுப்பு. மாமா பஸ்ஸில் பழக்கமான ஒரு பெரியவர் மூலம் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்க வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். அக்காவோடு மாப்பிள்ளையின் அம்மா சிரித்துப் பேசினாள். கிளம்பும்போது, கண்டக்டரிடம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். பிடித்தது, பிடிக்கவில்லை எதுவானாலும் நடுவில் நிற்பவர் வாயால்தான் வர வேண்டும். பெண் வீட்டார் தாங்களாகப் போன் போட்டுக் கேட்டால் இளப்பம்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் புதுக்கோட்டையில் பி.எட். இடம் கிடைத்தது. அவளுக்கு டீச்சராக வேண்டும் என்பது அப்படி ஒரு வெறி. வீட்டில் கோழிக்குத் தீனி போடும்போதுகூடச் சத்தமாகப் பாடம் எடுப்பாள். அப்பா சேர விடவில்லை. இந்தச் சம்பந்தம் முடியட்டும், அவர்கள் படிக்க வைக்கிறேன் என்றால் படி, வேண்டாம் என்றால் விட்டுவிடு, அதுவரை பேசாதே என்று சொல்லிவிட்டார். சேர்வதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. ஆக, மாமா கொண்டு வரப் போகிற பதிலைப் பொறுத்துத்தான் அக்காவின் படிப்பும்.

அந்தப் பதில் அந்த வாரமே வந்துவிட்டது. பெரியவர் பஸ்ஸில் ஏறி, மாமாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்களுக்கு இஷ்டம் இல்லை, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மாமாவிடம் பக்குவத்துக்குக் குறைவில்லை. சொல்வதுதான் அவருக்கு ஆகாத காரியம்.

டியூட்டி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாராம். சொல்லிவிட வேண்டும் என்று உறுதியோடுதான் வந்திருக்கிறார். அக்கா தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா ஆவலோடு பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா ஒன்றும் கேட்காமல், ஆனால் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமா மூன்று முகங்களையும் பார்த்தார். அப்புறம் கடலை மூட்டை அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தார். அங்கே எங்கள் செவலைக்கோழி கிடந்தது.

"என்ன தங்கச்சி, கோழி அடைக்குப் படுத்துருச்சா?" என்றார்.

அம்மாவுக்கு அந்தக் கோழிதான் அன்றாடத் தலைவலி. முட்டை வைக்காமலே குஞ்சு பொரிக்க அடை படுத்துவிடும். சேவலை மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்து அறுத்தாகிவிட்டது, முட்டை வைத்தாலும் பொரியாது. வெறும் சாக்கின் மேல் படுக்கும். சாக்கை எடுத்தால் கொட்டாங்கச்சியின் மேல். அதையும் எடுத்தால் அப்பாவின் அழுக்குக் கைலியின் மேல். தீனிக்குக்கூட எழுந்திருக்காமல் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடக்கும். கிட்டே போனால் உடம்பைப் பூரிக் கணக்காக உப்பவைத்து உறுமும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்று அக்காவுக்குத் தினம் ஒரு பச்சை முட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. அதுவும் நின்று போயிருந்தது. அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான்.

அவ்வளவுதான், மாமாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவர் வீட்டுக்குக் கிளம்புகிறவரை கோழிப் பேச்சுத்தான். கோழியைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் கழுத்து வரை முக்கி எடுத்தார். சூடு இறங்கினால் அடை தெளிந்துவிடும் என்றார். கோழி உதறிக்கொண்டு, ஈரத்தோடு நேராக மூட்டைக்கே நடந்து போய்ப் படுத்தது. மாமா வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கால் தெருவைத் தொட்டதும் அப்பா சொன்னார், பேச்சு நல்லபடியாக இருக்கிறது, இல்லையென்றால் இவ்வளவு கலகலப்பாக இருப்பானா என்று.

அதற்கப்புறம் அவர் வராத வாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடத்தான் வந்தார் என்று அத்தை பிற்பாடு சத்தியம் பண்ணினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகம் தீவிரமாகத்தான் இருக்கும். அக்கா தண்ணீர் கொடுப்பாள். உடனே, "தங்கச்சி, கோழி எந்திரிச்சுச்சா?" என்பார். அம்மா இன்னும் இல்லை என்பாள். மாமாவுக்கு அதில் வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

ஒருநாள் கோழியின் இறக்கையிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி அதன் மூக்குத் துவாரத்தில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். எங்கள் ஊரில் பழைய வைத்தியம் அது. மூக்கில் உறுத்தினால் கோழி அதைத் தட்டிவிட அலையும், அலைந்தால் அடை மறக்கும் என்பார்கள். எங்கள் கோழி மூக்குத்தி போட்டுக்கொண்ட மாதிரி கௌரவமாகப் படுத்துக்கொண்டது. மாமா போன கையோடு அக்கா இறகை உருவிப் போட்டுவிட்டு, மூக்கில் தேங்காய் எண்ணெய் தடவினாள். இன்னொரு நாள் பஞ்சாரக் கூடையைப் போட்டு முற்றத்து வெயிலில் அடைத்தார். பிறகு அவரே அரை மணியில் மனது கேட்காமல் நிழலுக்கு நகர்த்தினார். நடுவில் ஒரு வாரம் கோழி தெளிந்து இரண்டு முட்டைகூட இட்டது. அந்த வாரம் மாமா வந்தபோது அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பேச விஷயம் இல்லாமல், கோழி இல்லாத மூட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அடுத்த வாரம் கோழி மறுபடி படுத்துவிட்டது.

ஒரு விடிகாலையில் கட்டைப்பையோடு வந்து நின்றார். "குடு தங்கச்சி, ஒரு நாளு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வாரேன். எடம் மாறுனா அதுக்கு மனசும் மாறும்" என்றார். அம்மாவும் கோழியைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான் ஏறியது அவர் பஸ்தான். கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. ஆனால் பின் படிக்கட்டை ஒட்டிய கண்டக்டர் சீட்டில் மட்டும் யாரும் இல்லை. அங்கே மாமாவின் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் எங்கள் கோழி அரைக்கண் மூடி அமர்ந்திருந்தது. காலையிலிருந்து புதுக்கோட்டைக்கும் கீரமங்கலத்துக்கும் அது எத்தனை நடை போனதோ தெரியாது, அடை மட்டும் கலையவில்லை. ஒருவர் கிண்டலாக, கோழிக்கு டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்றார் மாமா. சொல்லிவிட்டு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று அப்போதுதான் ஒரு லக்கேஜ் டிக்கெட் அடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன், பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. அன்று வீட்டுக்கு நானும் அவரும் கோழியும்தான் நடந்து போனோம். வழி முழுக்க அவர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். ஏதோ சரியில்லை என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஆனால் கோழியைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடக்கிற ஒரு மனிதரிடம் என்னவென்று கேட்பது?

அப்பா மட்டும் நாளுக்கு நாள் மலர்ந்துகொண்டிருந்தார். கண்டக்டர் இவ்வளவு தடவை வருகிறான் என்றால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று அவராகவே முடிவு கட்டி, மண்டபம்கூட விசாரித்துவிட்டார். நடுவில் வந்த இன்னொரு இடத்தையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கல்லூரியில் சேர மறுநாள்தான் கடைசி என்கிற நிலையில், ஒரு மத்தியானம் மாமா வந்தார். அப்பா தோட்டத்தில் இருந்தார். அம்மா முருங்கை மரத்தடியில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு, நானும் பக்கத்தில் இருந்தேன். மாமா கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் காலை ஒரு நாள் கட்டிப் போட்டுப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. அதான?"

கோழியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அந்த முதல் நாளுக்கப்புறம் அவர் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமா தாயி" என்றார். தலைச்சுமையை இறக்கி வைத்த ஆள் மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது.

"எப்பச் சொன்னாங்க?"

"பாத்துட்டுப் போனாகள்ல, அந்த வாரமே."

அம்மாவின் கையிலிருந்து கடலை கீழே கொட்டியது. அவள் ஐயோ அண்ணே என்று மட்டும் சொன்னாள். அக்கா விடவில்லை. நான் கறுப்பாக இருக்கிறேன் என்றா சொன்னார்கள் என்று கேட்டாள். மாமா பதறிப்போனார். யார் சொன்னது, பொண்ணு தங்கம் என்று சொன்னார்கள், அந்தப் பெரியவருக்குச் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது என்றார்.

"அப்ப அப்பாவாலயா?"

மாமா குனிந்துகொண்டார். கோழியின் இறக்கையை விரித்து உள்ளே எதையோ தேடினார். "இதுக்குப் பேன் விழுந்துருக்கு தங்கச்சி, சாம்பலைத் தூவி விடு" என்றார்.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. முழு விவரத்தை அத்தை பிற்பாடு சொன்னாள். நான்கு இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். நான்கு பேரும் பெண்ணைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிட்டு, அப்பா பெயரை எடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒரு நல்லது கெட்டதில் இந்த மனுஷனோடு பக்கத்தில் எப்படி உட்காருவது என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிட்டார்கள். இதை எந்த வாயால் அப்பாவிடம் சொல்வது? காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றார்கள் என்று மட்டும் சொன்னால், அப்பா அறந்தாங்கிக்குப் பஸ் ஏறிப் போய் அவர்கள் வாசலில் நின்று கத்துவார். அங்கே யாராவது காரணத்தை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள்.

அக்கா அழவில்லை. செம்பை அவர் கையில் கொடுத்தாள். நாளைக்குத்தான் காலேஜில் சேரக் கடைசி நாள் என்றாள். மாமாவுக்கு அது தெரிந்தே இருக்கவில்லை. "ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார். "நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா மாமா?" என்றாள் அக்கா. அவள் கோபமாகத்தான் கேட்டாள். எனக்கும் அன்று அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. தெருக்கோடி அம்மா மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதது ஞாபகத்துக்கு வந்தது.

மாமா கோழியைக் கீழே விட்டார். மாப்ள வரட்டும் என்று, கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய்விடுங்கள் அண்ணே, நானே எப்படியாவது சொல்லிக்கொள்கிறேன் என்று அம்மா கெஞ்சினாள். அவர் அசையவில்லை. வெயில் சாய்ந்தது. கோழி போய் மூட்டையின் மேல் படுத்துக்கொண்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவின் மொபெட் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார்.

"மாப்ள, அந்தச் சம்பந்தம் போச்சு. எம்மேலதான் தப்பு. அவங்க ரெண்டு மொற கேட்டு விட்டாங்க. நான் இந்தக் கோழிப் பேச்சுல ஒங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். இவங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு அவங்க வேற எடத்துல முடிச்சுட்டாங்க."

முழுப் பொய். ஒரு திக்கல் திணறல் இல்லாமல் சொன்னார். அன்று மத்தியானம் முழுக்க அந்த வாளியின் மேல் உட்கார்ந்து இதைத்தான் தயார் பண்ணியிருக்கிறார்.

அப்பா அன்று பேசிய பேச்சை எழுத முடியாது. தெரு கூடிவிட்டது. மாமாவின் அப்பா, அம்மா, அவர் பார்க்கிற வேலை, அவர் சாப்பிடுகிற சோறு எல்லாவற்றையும் இழுத்தார். எம் மக வாழ்க்கையைக் கெடுத்துட்டியேடா, இனி என் வாசல்ல கால வைக்காத என்று முடித்தார். மாமா தலையைக் குனிந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். ஒரு இடத்தில்கூட ஏன் மாப்ள என்று கேட்கவில்லை. அப்பா குரல் கம்மி ஓய்ந்த பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போனார். கூட்டத்தில் நின்றிருந்த அத்தை பின்னாலேயே போனாள்.

அப்பா சேரில் விழுந்து கிடந்தார். வியர்த்துக் கொட்டியிருந்தது. உள்ளே இருந்த கோபத்தையெல்லாம் ஒரே ஆள் மேல் கொட்டித் தீர்த்ததில் வற்றிப்போயிருந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நாளைக்குப் போய்க் காலேஜில் சேர்ந்துகொள்கிறேன் அப்பா என்றாள். வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த ஒரு வரிக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

"போய்ச் சேரு" என்றார் அப்பா. "அதையும் அவன் வந்து கெடுத்துறப் போறான்."

அக்கா மறுநாள் சேர்ந்தாள். இப்போது கணக்கு டீச்சராக இருக்கிறாள். அவளுக்குப் பிடித்த இடத்தில் பிறகு கல்யாணமும் ஆனது. அந்தக் கல்யாணத்துக்குக் கண்டக்டர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா ஓய்வு பெற்று, மீமிசலில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி.

கோழியையும் சொல்லிவிடுகிறேன். மாமா வராமல் போன பிறகு அதை யாரும் தண்ணீரில் முக்கவில்லை, மூக்கைக் குத்தவில்லை. கொஞ்ச நாள் கிடந்து பார்த்துவிட்டு ஒரு காலையில் தானாகவே எழுந்து, உதறிக்கொண்டு, குப்பை மேட்டைக் கிளறப் போய்விட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அண்ணன்கிட்டச் சொல்லணுமே என்று வாய் தவறிச் சொன்னாள். அப்புறம் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அக்கா காலேஜுக்குப் போனதெல்லாம் மாமாவின் பஸ்ஸில்தான். அந்தப் பஸ்ஸில் ஏறாதே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். காலையில் இருப்பதே அந்த ஒரு வண்டி. மாமா அக்காவுக்குத் தன் சீட்டைக் கொடுத்துவிடுவாராம். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் அக்கா அவரிடம், அப்பாகிட்ட நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன் மாமா, எத்தனை நாளைக்கு நீங்கள் இந்தப் பழியைச் சுமப்பீர்கள் என்று கேட்டிருக்கிறாள். சரி தாயி என்றுதான் சொல்வார் என்று நினைத்தாளாம்.

"வேண்டாம்" என்றாராம் மாமா. அக்காவுக்கு நம்ப முடியவில்லை. திரும்பக் கேட்டாளாம்.

"வேண்டாம் தாயி. மாப்ளைக்குன்னு ஊர்ல இருந்தது நான் ஒருத்தந்தான். இப்ப நானும் இல்ல. பெத்த மகளுக்கு நாமதான் குறுக்கால நின்னோம்னு தெரிஞ்சா அந்த மனுசன் எங்கிட்டுப் போவாரு? எம்மேல கோவமாவே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்களுக்கு டிக்கெட் போட முன்பக்கம் போய்விட்டாராம்.